காணாக்கடியும் கண்ட பூச்சியும்

துணி காயப்போட மாடிக்குப் போனேன். ஓசூரில் வெயிலுக்கு முன்னால் கம்பெனி பஸ்களின் ஹாரன் எழுந்துவிடும். அந்த இரைச்சலுக்கு நடுவே, கொடிக்கம்பியின் ஓரத்தில், தனியாக ஒரு ரீங்காரம். கத்தியைச் சாணை பிடிப்பதுபோலச் சட்டென்று எழுந்தது, காற்றில் எதன் மீதோ மோதியது, பாதியில் அறுந்து நின்றது. திரும்பிப் பார்த்தேன். கம்பியில், ரீங்காரம் எழுந்த அதே இடத்தில், நீள உடம்பும் கூன் முதுகும் தாடியுமாக அந்த ஈ வந்து உட்கார்ந்திருந்தது. முள்ளடர்ந்த கால்களுக்கு நடுவே ஒரு தேனீ. அதை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் முதலில் வந்தது, காரணம் பிறகு வந்தது, அவர் முகம் கடைசியாக வந்தது.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒன்றுக்குப் பெயர் கிடைத்ததும் தீர்ப்பையும் சேர்த்து எழுதிவிடுகிற உலகம் இது என்று கத்தியவரை, நான் பெயர் சொல்லி ஒரு தாளில் உட்கார வைப்பது நியாயம் இல்லை. போச்சம்பள்ளிப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. அதன் பெண்கள் விடுதியில் அப்போது நான் வார்டன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அவர் காவேரிப்பட்டினத்துக்காரர், தொழிற்சாலைக்கும் விடுதிக்கும் பூச்சிமருந்து அடிக்கும் கான்ட்ராக்ட் எடுத்திருந்தார். விலங்கியல் படித்தவர். படித்ததை மறைக்கத் தெரியாதவர், அடக்கம் என்ற சரக்கு அவர் கடையில் கிடையாது. விடுதிப் பெண்கள் அவரை ‘மூட்டைப்பூச்சி சார்’ என்பார்கள், அவர் காதுபடவே. நான் ‘அண்ணே’ என்பேன். “அண்ணேவா? நான் என்ன உங்க ஊரு கரிசக்காட்டுல பருத்தி எடுக்கறவனா? இங்க எல்லாம் அண்ணாதாம்மா” என்பார். நான் மாற்றிக்கொள்ளவில்லை. அவரும் ஒவ்வொரு முறையும் சொல்லாமல் விட்டதில்லை.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. நீ பார்த்தியா?

பாத்ரூமில் பூரான் இருக்காம் சார். நீ பார்த்தியா? சமையல்கட்டில் எலி வருதாம். நீ பார்த்தியா? பார்த்தவளைக் கூட்டிவா. பார்த்தவள் வந்தால் எந்தப் பக்கம் ஓடியது, வால் நீளமா, காது பெரிதா என்று போலீஸ் ஸ்டேஷன் போல விசாரணை. கொல்கிறவனுக்குத்தான் சாட்சி ரொம்ப வேண்டும் என்பது அவர் கணக்கு. அவர் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், தளி, அத்திப்பள்ளிப் பக்கம் வேலைக்குப் போய்ப் பழகியதில் கன்னடம். மூன்று மொழியிலும் ஓயாமல் உருட்டிய வினைச்சொல் ஒன்றுதான்: பாரு, நோடு, சூடு. தெலுங்கில் ‘சூடு’ என்றால் பார். புதிதாக வந்த பெண்களுக்கு அது தெரியாது. அவர் சுவரோரம் குனிந்து “சூடு, சூடு” என்று காட்டினால், சுடுகிறதாக்கும் என்று கையை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். ஓடட்டும், அதுவும் நல்லதுதான் என்பார்.

பூச்சிகளின் மேல் அவருக்குப் பாசம் இருந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். விடுதித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குளவிகள் கூடு கட்டி, சமையல்காரம்மாவைக் கண்ணோரத்தில் கொட்டிவிட்டன. அவர் வந்தார், அண்ணாந்து பார்த்தார், கொட்டிய இடத்தைப் பார்த்தார், கூட்டைத் தீர்த்துக்கட்டினார். கீழே உதிர்ந்து துடித்தவற்றைச் செருப்பால் தேய்த்துவிட்டு டீ கேட்டார். அப்புறம் எனக்கு அவரைப் பார்க்கவே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர் நன்றாகச் சர்க்கரை போடச் சொல்லிக் குடித்தார்.

மனிதர்களிடமும் அதே அளவுகோல்தான். ஒருமுறை ஒரு பெண்ணின் கொலுசு காணாமல் போனது. அன்று அவர் கரப்பானுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். பெண்கள் எல்லாரும் பெருக்க வருகிற அம்மாவைப் பார்த்தார்கள். வாய்விட்டு யாரும் சொல்லவில்லை, கண்ணால் சொன்னார்கள். கொலுசுக்காரி மட்டும், அந்தம்மாதான் கட்டில் அடியில் பெருக்கினாங்க என்று மெதுவாக ஆரம்பித்தாள். அவர் மருந்து டப்பாவைத் தரையில் போட்ட சத்தத்தில் அறையே அதிர்ந்தது. நீ பார்த்தியா என்று ஆரம்பித்து, அவள் அழுது விக்கும்வரை விடவில்லை. பெருக்குகிற அம்மாவே, போதும் விடு சாமி என்று அவர் கையைப் பிடித்தாள். இரக்கப்பட்டு அவள் பக்கம் நின்றார் என்று நான் எடுத்துக்கொண்டேன். வெளியே வந்ததும், “அந்தம்மா எடுத்திருக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம், எனக்கென்ன தெரியும்” என்றார். கொலுசு கிடைக்கவே இல்லை. கொலுசுக்காரி அப்புறம் அவர் வரும் நாட்களில் அறையைவிட்டு வெளியே வரமாட்டாள். அவர் ஏன் இப்படி ஆனார் என்று எனக்குத் தெரியாது. ஊகித்துச் சொன்னால், அதையும் நீ பார்த்தியா என்பார்.

இந்த மனிதரிடம்தான் அந்த ஈ வந்து மாட்டியது. அல்லது, அந்த ஈக்கு இந்த மனிதர் வாய்த்தார்.

தொழிற்சாலையில் பாகங்கள் கழுவும் பிரிவு என்று ஒன்று. எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் சின்னச் சின்ன உலோகத் துண்டுகளை ஒரு திரவத்தில் முக்கிக் கழுவி, துடைத்து, தட்டில் அடுக்க வேண்டும். முழுக்கப் பெண்கள், பெரும்பாலும் என் விடுதிப் பெண்கள். முன்பெல்லாம் அவர்களுக்கு முழங்கைவரை ஏறும் தடித்த கையுறை. அந்த வருடம் மணிக்கட்டோடு நிற்கும் மெல்லிய நீலக் கையுறை வந்தது. வந்த கொஞ்ச நாளில் மஞ்சுளாவின் கை சிவந்தது. சிங்காரப்பேட்டைப் பெண், கலகலப்பானவள், விடுதியில் எல்லாருக்கும் மருதாணி வைத்துவிடுகிறவள். அந்தக் கை தடித்து, அரித்து, தோல் வெங்காயச் சருகுபோல உரிந்தது. பிறகு பக்கத்தில் நின்றவளுக்கு. அதற்கடுத்தவளுக்கு.

முதலுதவி அறையில் என்ன ஆச்சு என்று கேட்டபோது மஞ்சுளா, “காணாக்கடிங்க” என்றிருக்கிறாள்.

அவள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். என் ஊரிலும்தான். உடம்பில் திடுமெனத் தடிப்பு வந்தால், எது கடித்தது என்று தெரியாவிட்டால், காணாக்கடி. எது என்று காணவில்லை, அதனால் காணாக்கடி. தெரியாது என்பதைத் தெரியாது என்றே சொல்லும் எவ்வளவு நேர்மையான சொல் அது. வேப்பிலையால் தடவி, விபூதி போட்டு, அதற்கும் அடங்காவிட்டால் டாக்டரிடம் போவார்கள். ஆனால் முதலுதவி அறையிலிருந்து சேஃப்டி ஆபீசரின் மேசைக்குப் போவதற்குள் அந்தச் சொல்லில் பாதி கழன்று விழுந்துவிட்டது. ‘காணா’ போய்விட்டது. ‘கடி’ மட்டும் போய்ச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் பூச்சிக்கடி. கடி இருந்தால் கடித்த பூச்சி இருந்தாக வேண்டும். தேடினார்கள்.

கழுவும் பிரிவின் ஜன்னலுக்கு வெளியே கம்பிவேலி, வேலியெங்கும் உண்ணிச்செடி. அந்தக் கம்பியில்தான் இந்த ஈக்கள் வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். யாரோ ஒன்றைப் படம் எடுத்தார்கள், செல்போனில் போட்டுப் பார்த்தார்கள். அதுவரை அதற்கு அங்கே யாரும் பெயர் வைத்திருக்கவில்லை. செல்போன் சொன்னது: கொள்ளைக்கார ஈ. சேஃப்டி ஆபீசர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பேர்லயே இருக்கே என்றார்.

முதலுதவி அறைக் கதவில் அதன் படம் ஏறியது, தாடியும் கண்ணுமாக, தேடப்படும் குற்றவாளி போல. எச்சரிக்கை என்று மேலே சிவப்பில். விடுதியில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள். கை வெந்துபோனவர்கள், வேலியோரம் போனது யார் என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டார்கள். மருந்தடிக்க அவருக்கு உத்தரவு வந்தது.

அவர் உடனே மறுத்துவிடவில்லை. முதலில் விடுதிக்கு வந்தார். கட்டில்களைக் கவிழ்த்தார், மெத்தைகளை வெயிலில் போட்டுத் தையல் தையலாகப் பார்த்தார். மூட்டைப்பூச்சியாகத்தான் இருக்கும், பந்தயம் என்றார். இல்லை. பந்தயத்தில் தோற்றதற்கு என் மேல் எரிந்து விழுந்தார். எறும்பு மாதிரி சின்னதாக ஒரு வண்டு உண்டு, உடம்பில் வைத்து நசுக்கினால் கொப்புளம் போடும் என்று சொல்லி, ட்யூப்லைட்டுகளுக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வைத்துவிட்டுப் போனார். மறுநாள் தட்டில் விட்டில்கள் மட்டும் மிதந்தன. பிறகுதான் பெண்களைக் கையை நீட்டச் சொன்னார். தொடாமல், ரொம்ப நேரம் பார்த்தார்.

“வார்டனம்மா, இங்க பாருங்க” என்றார். “விரல்ல இருந்து ஏறி வருது. மணிக்கட்டுல நின்னுடுது. ரெண்டு கையிலயும் வளையல் போட்ட மாதிரி ஒரே உயரம். எந்தப் பூச்சிம்மா ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டுக் கடிக்கும்?”

தினமும் அந்தக் கைகளுக்குச் சோறு போடுகிறவள் நான். அந்தக் கோட்டில்தான் நீலக் கையுறை முடியும், விளிம்பு வழியாக இறங்குகிற திரவம் அதற்குள்ளேயே தேங்கும்.

மறுநாள் டீ இடைவேளையில் வேலிக்குப் பக்கத்தில் அவரும் சேஃப்டி ஆபீசரும் நின்றார்கள். கழுவும் பிரிவுப் பெண்கள் டம்ளரை இரண்டு கை விரல் நுனிகளாலும் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். விடுதி சார்பில் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். கையுறையைப் பாருங்கள், அந்தத் திரவத்தைப் பாருங்கள் என்று அவர் நல்ல விதமாகத்தான் ஆரம்பித்தார், அவருக்குத் தெரிந்த நல்ல விதத்தில். கையுறை வாங்குவது பர்சேஸ், நீங்கள் பூச்சி, பூச்சியை மட்டும் பேசுங்கள் என்றார் ஆபீசர். சரி, பூச்சியையே பேசுவோம் என்று அவர் வேலிப்பக்கம் திரும்பினார்.

கம்பியில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அவர் “சூடு சார்” என்றார். ஆபீசர் ஓரடி பின்வாங்கினார். பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள்.

தலை உச்சியைப் பாருங்கள், இரண்டு கண்ணுக்கும் நடுவே பள்ளம், அதுதான் அடையாளம் என்றார். மூஞ்சியில் தாடி, பிடிக்கிற பூச்சி திமிறி அடிக்கும்போது முகத்தில் படாமல் இருக்க. வால் ஊசியாக முடிகிறது, அதைக் கொடுக்கு என்று பயப்படுகிறார்கள், அது கொடுக்கு இல்லை, பெட்டை முட்டையிடுகிற குழாய். காற்றிலேயே பாய்ந்து ஈயை, தேனீயை, வெட்டுக்கிளியைப் பிடிக்கும். குத்தி, உள்ளே மருந்து மாதிரி ஒன்றை இறக்கி, கரைத்துக் குடிக்கும். தேனீ வளர்க்கிறவன் இதைத் திட்டலாம், அவனுக்கு நியாயம் இருக்கிறது. “நம்ம ரத்தம் இதுக்கு வேண்டாம் சார். வேலையத்துப் போய் கழுவுற ரூமுக்குள்ள வந்து, கையுறைக்குள்ள பூந்து கடிக்கிறதுக்கு இது என்ன உங்க சூப்பர்வைசரா?”

இப்போது பெண்கள் யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் செய்ததை அவர் செய்திருக்க வேண்டாம். குனிந்து, டம்ளரைக் கவிழ்ப்பது போலக் கையைக் கவிழ்த்து, அந்த ஈயைப் பிடித்துவிட்டார். பிடித்ததைக் காட்டுகிற ஆவேசத்தில் விரலை அழுத்தியிருப்பார் போல. அடுத்த நொடி கையை உதறிக்கொண்டு கன்னடத்தில் ஒரு வசை. அவர் எப்போதும் கன்னடத்தில்தான் திட்டுவார், தமிழில் திட்டினால் உறவு ஒட்டிக்கொள்ளும் என்பார். ஈ பறந்து போனது. ஆள்காட்டி விரலுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி, அதைச் சுற்றி வீக்கம் எழும்பிக்கொண்டிருந்தது.

கடிக்காதுன்னீங்களே, நீங்களே வாங்கிட்டீங்க என்று ஆபீசர் சிரித்தார். வழக்கு முடிந்தவரின் சிரிப்பு.

“கையில புடிச்சு நசுக்கினா குத்தும். யாரா இருந்தாலும் குத்தும். நசுக்க நசுக்கக் குத்தாம நிக்கிறது இவங்க மட்டும்தான்” என்று பெண்கள் பக்கம் கையைக் காட்டினார். பிறகு மஞ்சுளாவைப் பார்த்து அதட்டினார். கொலுசுக்காரியை அதட்டிய அதே குரல். “ஏம்மா, ஈ கடிச்சுதுன்னியே. நீ பார்த்தியா?”

மஞ்சுளா அழுதுவிடுவாள் என்று நான் முன்னால் நகர்ந்தேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“நான் ஈன்னு சொல்லவே இல்லீங்களே. காணாக்கடின்னுதான் சொன்னேன். காணலைன்னுதான் சொன்னேன்.”

அவர் அவ்வளவு காலம் எல்லாரிடமும் கேட்டுத் திரிந்த கேள்விக்கு, கேட்பதற்கு முன்பே ஒருத்தி நேர்மையாகப் பதில் சொல்லிவைத்திருக்கிறாள். அவர் தன் வீங்கிய கையை அவள் கைக்குப் பக்கத்தில் நீட்டினார். ஒரு பக்கம் ஒரே ஒரு புள்ளி. இன்னொரு பக்கம் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை உரிந்து, பிளந்து, நீர் கசியும் கை, கோடு கிழித்தது போல் முடியும் கை.

“இது கடி” என்றார் தன் கையைக் காட்டி. “அது என்ன சார்? காணாக்கடிக்கு கண்ட பூச்சியைப் புடிச்சுக் கொண்டாந்து நிறுத்தினா ஆச்சா?”

உங்க வேலை மருந்து அடிப்பது, அடிக்க முடியுமா முடியாதா என்று ஆபீசர் கேட்டார்.

“பூச்சியைக் கொல்றதுதான் சார் என் வேலை. பூச்சி மேல பழி போடறது இல்ல.”

அவருடைய கான்ட்ராக்ட் அந்த வேலியோரத்திலேயே முடிந்தது.

அவர் போன பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு ஓர் ஆள் வந்தான், யாரையும் எதையும் கேட்கவில்லை, வேலி முழுக்க அடித்தான். உண்ணிச்செடிக்கு அடியில் ஈக்களோடு தேனீக்களும் பட்டாம்பூச்சிகளும் கொட்டிக் கிடந்தன. ஜன்னலுக்கு உள்ளே கைகள் வெந்துகொண்டே இருந்தன. மஞ்சுளாவால் சோறு பிசைய முடியவில்லை. ரசம் பட்டால் துள்ளுவாள். ஸ்பூன் கொடுத்தேன், நோயாளி மாதிரி இருக்குதுக்கா என்று தட்டைத் தள்ளிவைத்தாள். டவுன் டாக்டரிடம் நான் கூட்டிப்போனேன், அவர் பார்த்த உடனே அந்த வேலையை நிறுத்தச் சொன்னார். கம்பெனி நிறுத்தியது, வேலையை அல்ல, அவளை. உன் உடம்புவாகு ஒத்துக்கல என்று ஊருக்கு அனுப்பினார்கள். ஈயிடமிருந்து பழியை எடுத்து அவள் உடம்பின் மேல் வைத்தார்கள். பஸ்ஸில் ஏறும்போது அவள் இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள், திருடிப் பிடிபட்டவள்போல.

மற்ற பெண்கள் சும்மா இருக்கவில்லை. முதலுதவி அறையில் யார் போய் நின்றாலும், என்ன ஆச்சு என்ற கேள்விக்கு ஒரே பதில்: கண்ட கடிங்க. எது கடிச்சுது? இதுங்க என்று நீலக் கையுறையைக் கழற்றி மேசையில் போடுவார்கள். ஈரத்தோடு. யார் சொல்லிக் கொடுத்தது என்று என்னை விசாரித்தார்கள். அந்தப் பெண்களுக்குத் தமிழ் தெரியும் என்றேன். ஒரு திங்கட்கிழமை முழங்கைவரை ஏறும் தடித்த உறைகள் வந்து இறங்கின. ஏன் வந்தன என்று யாரும் சொல்லவில்லை. மஞ்சுளாவை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை, நான் போய்க் கேட்டபோது அப்படி ஒருத்தி எந்தப் பிரிவில் இருந்தாள் என்று கேட்டார்கள். நான் அந்த வேலையை விட்டுவந்த நாள்வரை, முதலுதவி அறைக் கதவில் அந்த ஈயின் படம் எச்சரிக்கையோடு ஒட்டியபடியே இருந்தது. கொள்ளைக்கார ஈ. வெயிலில் சிவப்பு வெளுத்திருந்தது, தாடி மட்டும் கறுப்பாக நின்றது. எத்தனை பேர் கடந்துபோனோம் அதை. ஒருவர்கூட வெட்கப்படவில்லை.

உறைகள் வந்த செய்தி அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

கடைசியாகப் பார்த்தது கான்ட்ராக்ட் முடிந்த அன்று மதியம், கம்பெனி கேட்டில். மருந்து டப்பாக்களை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தார். செக்யூரிட்டி அவர் பையைக் கொட்டிச் சோதித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கு வரவில்லை. “பாருப்பா, நல்லா பாரு, பார்க்கறவனை நான் என்னைக்குமே தப்பு சொன்னதில்ல” என்று ஒவ்வொரு சாமானையும் தானே எடுத்துக் காட்டினார். விரல் நன்றாக வீங்கியிருந்தது. வலது கை. வண்டியின் ஆக்ஸிலேட்டரைத் திருக முடியாமல் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். முதலுதவி அறையில் கொஞ்சம் மருந்து போட்டுக்கொண்டு போகலாமே என்றேன். அங்கே போனால் தன்னையும் ஈ கணக்கில் எழுதிவிடுவார்கள் என்றார்.

“வலிக்குதாண்ணே?”

இந்த முறை அண்ணேவைத் திருத்தவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டு, கழுவும் பிரிவின் ஜன்னல் இருந்த திசையைப் பார்த்தார்.

“வலிக்காம? நல்லாவே வலிக்குது. ஆனா எது குத்துச்சுன்னு நான் பார்த்துட்டேன். அந்தப் புள்ளைக்கு அதைக்கூடத் தர மாட்டேங்கறாங்களேம்மா.”